செருப்பு கேட்கும் கோபுரம்

– கதவைத் திறங்க சிஸ்டர், உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன். அவன் பின்னாலயே வர்றான்.

– காலைத் தொடலாம்னா நடுவுல சுவர் நிக்குது. முதல்ல மூச்சை விடு.

– நீங்க எங்கேயிருந்து பேசறீங்க? ஒரே மூடுபனி. கதவு தெரியுது, ஆளைத் தெரியலையே.

– கதவுக்கு வலது பக்கம் பாரு. சுவத்துல பீப்பா மாதிரி ஒரு மரப்பெட்டி பதிச்சிருக்கும். அதுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கேன். நீ அதுல ஒரு பொருளை வச்சா நான் சுத்தி எடுத்துக்குவேன். நான் வச்சா நீ எடுத்துக்குவே. உன் மூஞ்சி எனக்குத் தெரியாது, என் மூஞ்சி உனக்குத் தெரியாது. இந்த மடத்துல கதவு சிஸ்டர்னா வெறும் குரல்தான்.

– உள்ளே யார் யார் இருக்காங்க சிஸ்டர்?

– ம். ஆகட்டும். நீ யாருக்குப் பயந்து வந்தே, அதைச் சொல்லு.

– புருஷனுக்கு. குடிச்சா மனுஷனே இல்லை. சத்தியமா சொல்றேன், இன்னைக்கு நான் கிடைச்சா கொன்னு போட்டுடுவான். ஊர்லேர்ந்து இங்க வரைக்கும் ஓட்டமும் நடையுமா வந்தேன்.

– மழையிலயா?

– மழையிலதான். சத்தியமா.

– ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சத்தியம் வேண்டாம்மா. இது கோர்ட் இல்லை.

– ஐயோ, ஹாரன்! கேட்டுச்சா சிஸ்டர்? அவன் ஜீப்தான்! கோபுரத்துக்கு நேர் கீழ இருக்கற வளைவுக்கு வந்துட்டான்! சிஸ்டர், நான் கதவுகிட்டயே நிக்கறேன், இன்னும் திறக்கலை, இங்கேயேதான் நிக்கறேன்!

– ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்தறே? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

– பயத்துல வந்துடுச்சு.

– ஆகட்டும். கதவு திறக்கறதுக்கு இங்க ஒரு முறை இருக்கு. காலணியைக் கழட்டி அந்தப் பெட்டிக்குள்ள வை.

– செருப்பையா? ஐயோ, அது மட்டும் மாட்டேன்.

– ஏன்?

– ஏன்னா கேக்கறீங்க? எங்க ஊர்ல இந்த மலையடிவாரத்தைத் தாண்டும்போது ஒருத்தரும் செருப்பு போட்டுக்கிட்டு நடக்க மாட்டாங்க. கழட்டி அக்குள்ல இடுக்கிக்குவாங்க. மளிகைக்கடை முதலாளி கூட, அவ்வளவு பெரிய தொந்தியோட, கால்ல முள்ளு குத்த குத்தப் போவார். இந்தக் கோபுரம் முதல்ல செருப்பைக் கேக்குமாம். செருப்பைக் கொடுத்தா ஆளைக் கேக்குமாம்.

– மளிகைக்கடை முதலாளியை வாங்கி வச்சுக்கிட்டு கோபுரம் என்ன பண்ணப் போகுது? இடம் பத்தாது.

– சிரிக்காதீங்க சிஸ்டர். எத்தனை பொம்பளைங்க இங்கேயிருந்து குதிச்சிருக்காங்க! ஆள் விழுந்ததும் மணி தானா அடிக்குமாம். கீழ பள்ளத்துல போய்ப் பார்த்தா செருப்பு மட்டும் கிடக்கும். உடம்பு கிடைக்காது. ஒரு எலும்பு கூடக் கிடைக்காது. எல்லாம் அந்தக் காலத்துல இங்க காவல் இருந்த தளபதியோட பொண்டாட்டி பண்ற வேலைன்னு சொல்லுவாங்க. அவதான் முதல்ல குதிச்சவ. தனியா இருக்க முடியாம துணைக்கு ஒவ்வொருத்தியா இழுத்துக்கறாளாம்.

– கதையை நல்லாத்தான் சொல்றே. அப்புறம் எப்படி இவ்வளவு தைரியமா வந்து நிக்கறே?

– தைரியமா? வேற போக்கிடம் இல்லாமத்தான் வந்தேன். சிஸ்டர்... இந்தச் சுவத்துக்குள்ள ஏதோ சத்தம் வருது.

– என்ன சத்தம்?

– யாரோ முனகற மாதிரி.

– எலி.

– எலி முனகுமா?

– வயசான எலி. வாத்தியாரம்மா மாதிரி கேள்வி கேக்காதே. செருப்பை வை. இல்லேன்னா திரும்பிப் போ, ஜீப்புல இடம் இருக்கும்.

– வேண்டாம் வேண்டாம், வைக்கறேன். இதோ... வச்சுட்டேன். சிஸ்டர், பெட்டி உறுமுது!

– எண்ணெய் போட்டு நாளாச்சு, அதான். நீ வேற. ம், வந்துடுச்சு... அடடா, செருப்பு காய்ஞ்சு கிடக்கே. இத்தனை சேத்துல ஓடி வந்த செருப்பா இது?

– அது... அக்குள்ல இடுக்கிக்கிட்டு வந்தேன். இப்பத்தானே சொன்னேன்? ஊர்ல எல்லாரும் அப்படித்தான். இங்க வந்துதான் மாட்டிக்கிட்டேன், சத்தியமா.

– நல்ல பதில். வரும்போதே யோசிச்சு வச்சிருந்தியா, இல்லை இப்பத்தான் வந்துச்சா?

– ஏன் சிஸ்டர் இப்படிப் பேசறீங்க?

– நான் இந்தப் பெட்டிக்குப் பின்னாடி உக்காந்து தலை நரைச்சவ. ஓடி வர்றவ முதல்ல என்ன கேப்பா தெரியுமா? வேற வாசல் இருக்கா, அது பூட்டியிருக்கா, அவன் சுவர் ஏறி வர முடியுமான்னு கேப்பா. நீ கேட்டது என்ன? உள்ளே யார் யார் இருக்காங்கன்னு.

– அது சும்மா...

– ஹாரன் சத்தம் கேட்டா ஓடி வந்தவ வாயைப் பொத்திக்கிட்டு சுவத்தோட ஒட்டிக்குவா. மூச்சுச் சத்தம் கூட வராது. நீ கச்சேரி வச்சே. கீழ கேக்கணும்னே கத்தினே. ஜீப்புல இருக்கறது உன் புருஷன் இல்லை. நீ ஓடியும் வரலை. அவன்தான் உன்னைக் கொண்டு வந்து இறக்கிவிட்டான். யாரும்மா அவன்?

– ஐயோ... என்னை மன்னிச்சுடுங்க சிஸ்டர்...

– அழறதை அப்புறம் வச்சுக்கலாம். யாரு?

– என் தம்பி.

– ஆகட்டும். உனக்குப் புருஷன்?

– போய்ச் சேர்ந்துட்டார். அதுலேர்ந்து தம்பி வீட்டுலதான் இருக்கேன். ஆக்கிப் போடறேன், கடையில தோல் ஊற வைக்கறேன். செருப்புக் கடை வச்சிருக்கான். அவனே அறுத்து அவனே தைப்பான்.

– எதுக்கு அனுப்பினான்? இப்போ சத்தியம் பண்ணாம பேசு.

– அவன் பொண்டாட்டிக்காக. போன மழைக்காலத்துல ஒரு நாள் வீட்டை விட்டு ஓடிட்டா. அன்னைக்கு மணி அடிச்சுது. பள்ளத்துல அவ செருப்பு கிடைச்சுது. ஊரே சொல்லுச்சு, கோபுரம் வாங்கிக்கிச்சுன்னு. காரியமெல்லாம் முடிச்சாச்சு. வாய் நிறைய என்னை அண்ணின்னு கூப்பிடுவா, நான் இன்னும் அவ துணியைப் பார்த்தா அழுவேன் சிஸ்டர். ஆனா அவன் அந்தச் செருப்பைக் கடையில மாட்டி வச்சு, உத்து உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தான். முந்தாநாள் திடீர்னு சிரிச்சான்.

– எதுக்குச் சிரிச்சான்?

– அவ ஓடின அன்னைக்கு அவன்தான் அவ காலைப் பிடிச்சு இழுத்தான். அந்த இழுப்புல வார் பிஞ்சு போச்சு. அவன் கையாலயே பிச்ச வார். ஆனா பள்ளத்துல கிடைச்ச செருப்புல அந்த வார் தைச்சிருந்துச்சு. அழகா, பொடிப் பொடித் தையல். அவன் கடைத் தையல் இல்லை. "சாகப் போறவ செருப்பைத் தைச்சுப் போட்டுக்கிட்டா குதிப்பா?"ன்னு என்னைக் கேட்டான்... சிஸ்டர்? சிஸ்டர், இருக்கீங்களா? ஐயோ, எதையாவது பேசுங்க.

– இருக்கேன்.

– ஏன் பேச்சே வரலை?

– ஊசி ஞாபகம் வந்துச்சு.

– ஊசியா?

– பிஞ்சதைப் பார்த்தா என் கை சும்மா இருக்காதும்மா. துணியானாலும் தோலானாலும் எடுத்து ரெண்டு தையல் போட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். இங்க வந்த நாள்லேர்ந்து அதுக்குத் திட்டு வாங்கறேன். கடைசியில அந்தப் பாழாப்போன கை இத்தனை பேர் தலையிலயும் கல்லைத் தூக்கிப் போட்டுடுச்சு.

– அப்போ... தைச்சது நீங்களா? அப்போ அவ உயிரோட...

– நான் தைச்சேன்னு சொன்னேன். அவ இருக்கான்னு சொல்லலை. உன் தம்பி என்ன சொல்லி அனுப்பினான்?

– உள்ளே போ, அவ இருக்காளா பாருன்னான். இருந்தா ராத்திரி தாழ்ப்பாளை மட்டும் எடுத்து விடு, மத்ததை நான் பார்த்துக்கறேன்னான். உள்ளே விடலேன்னா திரும்பி வான்னான்.

– திரும்பிப் போனா?

– அதை விடுங்க சிஸ்டர்.

– கேட்டா பதில் சொல்லணும்.

– கடையில தோல் தைக்கற மெஷின் ஒண்ணு இருக்கு. சொன்ன வேலை நடக்கலேன்னா அதுல கையை வைக்கச் சொல்லுவான். என் இடது கை சுண்டுவிரல்ல நகம் கிடையாது சிஸ்டர். போன தடவை அது போச்சு. இந்தத் தடவை வலது கைன்னு சொல்லியிருக்கான்.

– அவன் உன் கூடப் பிறந்தவன்தானே?

– நான்தான் தூக்கி வளர்த்தேன். என் இடுப்புல உக்காந்து சோறு தின்னவன்... ஐயோ, திரும்பவும் ஹாரன். சிஸ்டர், நேரமாகுதுன்னு கூப்பிடறான். நான் என்ன பண்ணுவேன்?

– பதில் குரல் கொடு. கதவு திறக்கப் போறாங்கன்னு சொல்லு.

– தம்பீ! திறக்கப் போறாங்க! கொஞ்சம் பொறு! ... போதுமா சிஸ்டர்?

– போதும். கொஞ்சம் இரு... ம். ம். அப்படியா? ஆகட்டும்.

– யார்கிட்ட பேசறீங்க?

– சுவர்கிட்ட.

– சிஸ்டர், பயமுறுத்தாதீங்க.

– சுவர் ஒண்ணு சொல்லுது. உன் தம்பி அவளை உள்அறையில போட்டுப் பூட்டினப்போ, தண்ணி கூடக் கொடுக்கக் கூடாதுன்னு சொன்னப்போ, நீ ஒரு துணியைத் தண்ணியில நனைச்சு கதவுக்கடியில தள்ளிவிடுவியாம். அவ அதைப் பிழிஞ்சு குடிப்பாளாம்.

– ஐயய்யோ! அது யாருக்கும் தெரியாதே! எனக்கும் அவளுக்கும் தவிர இந்த உலகத்துல ஒருத்தருக்கும்... அவ ஆவியா சிஸ்டர்? என்னைத் திட்டறாளா? கதவைத் திறந்து விட்டிருக்கலாமே, வெறும் துணியைத்தானே தள்ளினேன்னு கேக்கறாளா?

– தண்ணி இனிச்சுதுன்னு மட்டும் சொல்லுது.

– என்னால நிக்க முடியலை. நான் போறேன். விரல் போனாப் போகட்டும், இங்க நான் நிக்க மாட்டேன்.

– செருப்பு என்கிட்ட இருக்கு.

– வச்சுக்கோங்க!

– போகலாம், ஆனா ஒரு கதை பாக்கி இருக்கு. தளபதி பொண்டாட்டி கதையை நீ ஊர்ப் பக்கத்துலேர்ந்து சொன்னே. சுவத்துக்கு இந்தப் பக்கத்துக் கதையைக் கேட்டுட்டுப் போ. இதைக் கேட்டவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பிப் போனதில்லைங்கறதையும் முன்னாடியே சொல்லிடறேன்.

– அப்படீன்னா?

– அப்படீன்னா அப்படித்தான். இந்தக் கோபுரம் காவலுக்குக் கட்டினது. ஆத்தைத் தாண்டி கொள்ளைக்காரங்க வந்தா மேலேருந்து பார்த்து மணி அடிக்கணும். அந்த வேலைக்கு இருந்த தளபதிக்குக் கொள்ளைக்காரன் மேல கூட அவ்வளவு சந்தேகம் கிடையாது, பொண்டாட்டி மேலதான் சந்தேகம். உச்சி அறையில பூட்டி வச்சிருந்தான். ஒரு நாள் காலையில மணி அடிச்சுது. அறை காலி. பள்ளத்துல செருப்பு.

– அதைத்தான் ஊரும் சொல்லுது.

– ஊர் அங்கேயே நிறுத்திக்கிச்சு. செருப்பை எறிஞ்சதும் மணி அடிச்சதும் சமையல்காரி. அந்த அம்மா நெல் கொட்டற குழிக்குள்ள இருந்தாங்க, தலைக்கு மேல சாக்கைப் போட்டுக்கிட்டு. தளபதி பள்ளத்துல உடம்பைத் தேடித் தேடி, ராத்திரியில அவ நடக்கற சத்தம் கேக்குதுன்னு புலம்பிப் புலம்பி, மலையை விட்டே ஓடினான். சத்தம் கேட்டது நிஜம்தான். குழியில எவ்வளவு நேரம்தான் உக்காந்திருக்க முடியும்? அதுக்கப்புறம் எந்த ஆம்பளையும் இங்க தங்கப் பயந்தான். ஆம்பளை குடியிருக்கப் பயந்த இடத்துல பொம்பளைங்க குடி வந்தாங்க. மடம்னு பேர் பின்னாலதான் வந்துச்சு. அந்த அம்மா கடைசிப் பல்லு விழற வரைக்கும் இங்க வாழ்ந்தாங்க.

– அப்போ குதிச்சவங்க எல்லாம்...

– நான் ஒருத்தரைப் பத்தித்தான் சொன்னேன். நீயா மத்தவங்களைக் கூட்டிக்காதே. இப்போ உனக்கு ஒண்ணு புரியுதா? இங்க பூட்டு பெரிசில்லை, சுவர் பெரிசில்லை. ஊர்ல இருக்கற பயம்தான் எங்களுக்குக் கதவு. உன் தம்பி அந்தக் கதவுல கையை வச்சுட்டான். கீழே போய் நாலு பேர்கிட்ட தையலைக் காட்டினான்னா, நாளைக்கு நாலு திசையிலேர்ந்தும் ஆம்பளைங்க இந்த மலை ஏறுவாங்க. உள்ளே இருக்கறவங்க கதி என்ன ஆகும்னு நினைச்சுப் பாரு.

– அவன் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை சிஸ்டர். முதல்ல அவளைப் பிடிச்சுடணும், இல்லேன்னா ஊர் சிரிக்கும்னான்.

– அவன் கோபுரத்துக்குப் பயப்படவே மாட்டானா?

– அவனா? எல்லாம் சூழ்ச்சி, எல்லாம் பொய்யின்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தான். ஆனா...

– ஆனா?

– மலையடிவாரம் வந்ததும் செருப்பைக் கழட்டி சீட்டுக்கடியில தள்ளிட்டான். ஜீப்புல உக்காந்தபடியேதான். என்னை மட்டும் போட்டுக்கிட்டுப் போன்னான்.

– கழட்டினானா! நீ கண்ணால பார்த்தியா?

– பார்த்தேன். வெறுங்காலோடதான் பிரேக்கை மிதிச்சான்.

– அம்மாடி, அப்போ நம்பறான். மனசுல எங்கேயோ ஒரு மூலையில இன்னும் நம்பறான். அது போதும் எனக்கு. இப்போ நான் கேக்கறதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லு. ஜீப்புக்குத் திரும்பிப் போகணுமா, இருக்கணுமா?

– என்னைக் காணோம்னா அவன் தேடி வருவானே.

– ஒரே வார்த்தைன்னு சொன்னேன்.

– பயமா இருக்கு சிஸ்டர். அவனை நினைச்சாலும் பயம், இந்தச் சுவரை நினைச்சாலும் பயம்.

– ரெண்டு பயத்துல எது பெரிசு?

– அவன்.

– அப்போ?

– இருக்கணும்.

– ஆகட்டும். உன் செருப்புலயும் குதிகால் பக்கம் பிஞ்சிருந்துச்சு. என் கை பரபரன்னுச்சு. தொடலை. சத்தியமா தொடலை, பாரு, உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு.

– பிஞ்சிருந்துச்சுன்னா? இப்போ செருப்பு உங்ககிட்ட இல்லையா?

– எலி எடுத்துக்கிட்டுப் போச்சு.

– சிஸ்டர், மேல யாரோ படி ஏறறாங்க. எனக்கு நல்லாக் கேக்குது. முழங்கால் வலி வந்தவங்க மாதிரி முனகிக்கிட்டே ஏறறாங்க.

– கதவு சாவியைப் பெட்டிக்குள்ள வைக்கறேன். நீயே எடுத்துத் திறந்துக்கோ. பெட்டி பாதிதான் சுத்தும், கையை உள்ளே விட்டுத்தான் எடுக்கணும்.

– நீங்களே திறக்கக் கூடாதா?

– திறந்த கதவோட பழி திறக்கறவளுக்கு. அதான் முறை. இடது கையை விடு.

– ஏன் இடது கை?

– கேள்வி கேக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?

– விடறேன், விடறேன். இருட்டா இருக்கு. எட்டலையே சிஸ்டர்.

– இன்னும் உள்ளே.

– முழங்கை வரைக்கும் விட்டுட்டேன்.

– இன்னும்.

– சாவி தட்டுப்படவே இல்லை. ஏதோ ஈரமா இருக்கு... துணி. சிஸ்டர், ஈரத்துணி இருக்கு! யார் வச்சது இதை? ஐயோ, எதுக்கு இங்க ஈரத்துணி? சிஸ்டர்! என் சுண்டுவிரலை ஏதோ தடவுது. ஜில்லுன்னு இருக்கு... பிடிச்சுடுச்சு! ஐயோ, கையைப் பிடிச்சு இழுக்குது! விடு, விடு! தம்பீ! தம்பீ, என்னை இழுக்குது! ஐயோ, கோபுரம் இழுக்குதே! அம்மாஆஆ!

– மேல, மணி! இப்போ அடி! செருப்பை எறி!

– அம்மா! அம்மா! விட்டுடு!

– தகரத்துல தொப்புன்னு விழுந்துச்சு பாரு, ஜீப் மேலயே. ரெண்டாவதும் விழுந்தாச்சு. ஸ்டார்ட் பண்றான்... பண்றான்... ஐயோ பாவம், வண்டியைத் திருப்பக் கூட இல்லை, பின்னாடியே இறங்கறான்! ஹாரனை வழியெல்லாம் அமுக்கிக்கிட்டே போறான். இனிமே ஊர்ல நம்ம கதையை அவனே சொல்லுவான். மன்னிச்சுக்கோம்மா, உனக்கு நடிக்க வராது. அதை நான் முன்னாடியே பார்த்தாச்சு, அதான் நிஜமாவே கத்த வச்சேன்.

– விடு... என் கையை விடு... யாரு நீ?

– கத்தினது போதும் அண்ணி. நீங்க செத்தாச்சு. உள்ளே வாங்க.